பிள்ளை வாசிக்கும்போது கேட்க யார் இருக்கிறார்கள்?

(நூற்றாண்டு ஒன்றுகூடலில் சவளக்கடை, கல்முனைப் பகுதிப் பழைய மாணவிகள் சார்பில் நிகழ்த்தப்பட்ட உரை)



சங்கத்தின் நூறு வருடத்தைப் பற்றிப் பேச இந்த மேடையில் எங்களைவிடத் தகுதியானவர்கள் இருக்கிறார்கள். எங்களிடம் தரப்பட்டது சின்ன விடயம். "பிள்ளை பியானோ வகுப்புக்கு ஆசையாகப் போகிறாள். வீட்டில் தொடவே மாட்டேன் என்கிறாள். என்ன செய்யலாம்?" லண்டனில் இருந்தும் ரொறன்ரோவில் இருந்தும் மெல்பேணில் இருந்தும் பழைய மாணவிகள் இதைக் கேட்டு எழுதினார்கள். கல்முனைக்குள்ளே இருப்பவர்களும் கேட்டார்கள். எங்களில் சிலர் சங்கீத ஆசிரியைகள், சிலர் தாய்மார், சிலர் இப்போது அம்மம்மாவும் மூத்தம்மாவும் ஆகிவிட்டவர்கள். எல்லோரும் கூடிக் கதைத்ததைத்தான் இங்கே சொல்கிறோம்.

சவளக்கடையில் பியானோவா என்று பின்வரிசையில் சிரிப்பது கேட்கிறது. சிரியுங்கள், நியாயம்தான். உண்மையான பியானோவுக்குள்ளே இருநூறுக்கு மேற்பட்ட கம்பிகள் இருக்கின்றன. இந்தக் கரையோரத்து உப்புக் காற்றும் மாரி ஈரமும் அந்தக் கம்பிக்கும் ஆகாது, மரத்துக்கும் ஆகாது. சுருதி சேர்க்க ஆளைத் தூரத்தில் இருந்துதான் கூப்பிட வேண்டும். அதனால் எங்கள் பக்கத்தில் பியானோ பழகுகிற பிள்ளை என்றால் 88 கட்டைக்குப் பதிலாக 61 கட்டை உள்ள கீபோட்டில் பழகுகிற பிள்ளை என்றே எடுத்துக்கொள்ளுங்கள். தொடங்குவதற்கு அது போதும். மேசை உயரத்துக்கு ஏற்ற கதிரை இருக்கிறதா, முழங்கை கட்டையின் மட்டத்துக்கு வருகிறதா என்று மட்டும் பாருங்கள். கை வலித்துப் பழக்கத்தை விட்ட பிள்ளைகளும் உண்டு. அவர்களைச் சோம்பேறி என்று ஏசக்கூடாது.

எங்கள் பக்கத்தில் வீட்டுப் பழக்கத்துக்கு இன்னொரு அவசியமும் இருக்கிறது. மாரி கடுமையாகப் பெய்தால் கிட்டங்கித் தாம்போதிக்கு மேலால் வெள்ளம் பாயும். சவளக்கடைப் பிள்ளை கல்முனைக்கு வகுப்புக்கு வர முடியாது. ரீச்சரைக் காணாத அந்த நாட்களில் பிள்ளை தானாக வாத்தியத்துக்கு முன்னால் போய் இருக்கிறாளா என்பதுதான் கேள்வி.

ஏன் இருக்க மாட்டேன் என்கிறாள்? சோம்பல் என்கிறோம், ரிவி என்கிறோம், போன் என்கிறோம். எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் உண்மை. ஆனால் அந்த வயதுப் பிள்ளைகள் ஒவ்வொரு நாளும் விடாமல் செய்கிற வேலை ஒன்று எங்கள் ஊர்களிலேயே இருக்கிறது. மஃரிபுக்குப் பிறகு முஸ்லிம் வீடுகளுக்குப் போய்ப் பாருங்கள். பிள்ளை ஓதிக்கொண்டிருக்கும். உம்மா குசினியில் ரொட்டி சுட்டுக்கொண்டிருப்பா. ஓரெழுத்துப் பிழைத்தால் அங்கிருந்தே, "மனே, அதைத் திருப்பி ஓது" என்று சத்தம் வரும். பிள்ளைக்குப் பக்கத்தில் பிரம்போடு யாரும் நிற்பதில்லை. ஆனால் கேட்கிற காது ஒன்று இருக்கிறது என்று அதற்குத் தெரியும். ஓதலையும் வாத்தியத்தையும் ஒரே தட்டில் வைக்கிறோம் என்று தயவுசெய்து யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். வாத்தியம் வேண்டாம் என்று இருக்கும் வீடுகளையும் நாங்கள் மதிக்கிறோம். பழக்குகிற முறையை மட்டும்தான் பார்க்கிறோம்.

அந்த முறையில் இன்னொன்றும் இருக்கிறது. குர்ஆனை மனனம் செய்யும் பிள்ளை அன்றைய புதுப் பாடத்தை ஓதும், கிட்டடியில் பாடமாக்கியதை ஓதும், முன்பே முடித்த பகுதியில் இருந்தும் ஓதும். மூன்றும் ஒவ்வொரு நாளும். பியானோ பழகும் பிள்ளைக்கு நாங்கள் என்ன செய்கிறோம்? புதுப் பாடத்தை மட்டும் கொடுத்து, அது வரும்வரை அதிலேயே முட்ட விடுகிறோம். பிழைத்துப் பிழைத்து எழும்புகிறாள். பழைய பாட்டு ஒன்றை, கைக்கு நன்றாக வருகிற ஒன்றை, கடைசியில் வாசித்துவிட்டு எழும்பச் சொல்லுங்கள். அடுத்த நாள் அந்தக் கதிரைக்குத் திரும்பி வருகிற மனம் வேறாக இருக்கும். எங்கள் ஆசிரியைகள் இதைத் திரும்பத் திரும்பக் கண்டிருக்கிறார்கள்.

வீட்டில் பிள்ளைகள் உண்மையில் எப்படிப் பழகுகிறார்கள் என்பதை ஆஸ்திரேலியாவில் கேரி மெக்பர்சன் என்ற இசைக் கல்வி ஆய்வாளரும் ஜேம்ஸ் ரென்விக் என்பவரும் வீடியோ எடுத்துப் பார்த்தார்கள். பெரும்பாலான நேரத்தில் பிள்ளைகள் பாட்டை முதலில் இருந்து கடைசிவரை ஒருமுறை வாசித்துவிட்டு அடுத்ததற்குப் போனார்கள். பிழைத்த இடத்துக்குத் திரும்பவில்லை. எங்கள் வீட்டுப் பிள்ளைகளும் அப்படித்தானே? "அரை மணித்தியாலம் வாசி" என்றால் அரை மணித்தியாலம் சத்தம் கேட்கும், பழக்கம் நடந்திருக்காது. நேரத்தைச் சொல்வதைவிட, பென்சிலால் இரண்டு இடத்தை வட்டமிட்டு, "இந்த இரண்டும் மெதுவாக, ஒவ்வொரு கையாக, நாலு தரம்" என்று சொல்வது மேல். ஆறேழு வயதுப் பிள்ளைக்குப் பத்து நிமிடம் போதும். வேண்டுமானால் பின்னேரம் இன்னொரு பத்து.

அதே ஆய்வாளர்கள் கிளாரினெட் பழகிய 12 வயதுச் சிறுமி ஒருத்தியைத் தனியாகக் கவனித்தார்கள். ரீச்சர் கொடுத்த பாட்டுகளில் ஒரு சுரத்துக்கு ஒரு செக்கன்கூடச் செலவழிக்காதவள், தானே கேட்டு வாங்கிய ஒரு பாட்டில் சுரத்துக்கு ஒன்பது செக்கனுக்கு மேல் செலவழித்தாள். ரீச்சர் சொல்லிக்கொடுக்காமலே நிறுத்தினாள், மெதுவாக வாசித்தாள், விரல்களை ஊமையாக அழுத்திப் பார்த்தாள். பிள்ளை ஒன்றுதான், பாட்டுத்தான் வேறு. ஆகவே ரீச்சர்மாருக்கு எங்கள் வேண்டுகோள்: மாதத்துக்கு ஒரு பாட்டையாவது பிள்ளை தெரிவு செய்யட்டும். அது சினிமாப் பாட்டாக இருக்கட்டும், வானொலியில் கேட்ட இஸ்லாமிய கீதமாக இருக்கட்டும், தேவாலயத்துப் பாட்டாக இருக்கட்டும். கைக்கு அடங்கவில்லையா, இலேசாக்கிக் கொடுங்கள். பாஹ் 1720இல் தன் ஒன்பது வயது மூத்த மகனுக்கென்று தனிக் கொப்பி ஒன்று தொடங்கி எழுதினார். ஹங்கேரியின் பார்ட்டொக் 153 சிறு உருப்படிகள் கொண்ட 'மைக்ரோகொஸ்மோஸ்' தொகுப்பின் முதல் இரண்டு பாகங்களையும் தன் மகனுக்கே சமர்ப்பித்தார். பெரிய வித்துவான்கள் பிள்ளையின் கைக்கு அளவெடுத்து எழுதினார்கள். நாங்கள் பிள்ளையைப் புத்தகத்துக்கு அளவெடுக்கிறோம்.

பரீட்சையைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. 1889இல் தொடங்கிய லண்டன் அசோசியேட்டட் போர்டின் பரீட்சையும் ட்ரினிட்டிக் கல்லூரியின் பரீட்சையும் இலங்கையில் நடக்கின்றன. கர்நாடக சங்கீதம் பழகுபவர்களுக்கு 1931இல் உருவான வட இலங்கைச் சங்கீத சபையின் பரீட்சைகள் இருக்கின்றன. இவற்றால் நன்மை இல்லை என்று சொல்ல மாட்டோம். எங்களில் சிலர் அந்தச் சான்றிதழோடுதான் ஆசிரியைகள் ஆனோம். ஆனால் பியானோ பரீட்சைக்கு வழக்கமாக மூன்று உருப்படிகள். அந்த மூன்றையும் பத்து மாதம் அரைத்து, பரீட்சை முடிந்த அடுத்த நாள் மூடிவைத்து, ஐந்தாம் தரம் சித்தியடைந்த பிறகும் ஒரு பிறந்தநாள் வீட்டில் ஒரு பாட்டு வாசிக்கத் தெரியாத பிள்ளைகள் எத்தனை பேர்!

ஐந்தாம் தரம் என்றதும் இன்னொரு ஐந்தாம் தரம் ஞாபகம் வருகிறது. புலமைப்பரிசில் பரீட்சைதான். தரம் நான்கு தொடங்கியதும் ரியூசன், சனி ஞாயிறும் ரியூசன், கீபோட் அலுமாரிக்கு மேலே ஏறிவிடும். இறங்குவது எப்போது? பரீட்சை முடிந்து இறங்கினால், சாதாரண தரத்துக்கு மறுபடி ஏறும். பெண்பிள்ளை என்றால் அதற்குப் பிறகு இறங்குவதே இல்லை. எங்கள் தலைமுறையில் பலருக்கு நடந்தது இதுதான். சங்கீதம் படிப்பைக் கெடுக்கும் என்று சொல்பவர்களுக்கு நாங்கள் தூரத்து உதாரணம் தேடுவதில்லை. கல்முனையில் இருந்து சாய்ந்தமருதைத் தாண்டினால் காரைதீவு. 1892இல் அங்கே பிறந்த விபுலாநந்த அடிகள் விஞ்ஞானப் பட்டதாரி. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் முதல் தமிழ்ப் பேராசிரியர். 1947இல் 'யாழ் நூல்' தந்ததும் அவரேதான். பரீட்சை வருடத்தில் வகுப்பை நிறுத்துவதென்றால் நிறுத்துங்கள். வாத்தியத்தை அலுமாரிக்கு ஏற்றாதீர்கள். ஹோலில், திறந்தபடி, ஒரு துணி போர்த்தி வையுங்கள். போகிற வருகிற வழியில் இரண்டு நிமிடம் கை வைக்கிற பிள்ளைக்கு எதுவும் அறுந்துபோகாது.

ஹெட்போன் ஒரு வசதி. பாங்கு நேரம், தம்பியின் படிப்பு, அயல்வீட்டார் நித்திரை, எல்லாவற்றுக்கும் உதவும். ஆனால் அதைப் போட்டுக்கொண்டு பழகும் பிள்ளையின் வாசிப்பை வீட்டில் ஒருவரும் கேட்பதில்லை. கட்டை தட்டுப்படுகிற 'டக் டக்' சத்தம் மட்டும் வெளியே வரும். வருடக்கணக்கில் இப்படி ஒருத்தி பழகினால், தான் வாசிப்பது மற்றவருக்குரியது என்ற எண்ணமே அவளுக்கு வராது. ஆகவே கடைசி ஐந்து நிமிடம் ஹெட்போனைக் கழற்றச் சொல்லுங்கள். கேட்டுவிட்டுத் தீர்ப்புச் சொல்ல வேண்டாம். "பக்கத்து வீட்டுப் பிள்ளை இதைவிட நல்லா வாசிக்குது" என்ற வசனத்தை மட்டும் உங்கள் வீட்டில் தடைசெய்துவிடுங்கள். "அந்த நடு இடத்தை ஒருக்கா வாசி பாப்பம்" என்றால் போதும். ஸ்டிக்கர், சொக்கலேற் எல்லாம் இரண்டு கிழமை வேலை செய்யும். அதற்குப் பிறகு விலை ஏறும்.

2022 மார்ச் கடைசியில் ஒரு நாளுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். கீபோட் ஊமையாகிவிட்டது. பற்றரி வாங்கவும் பலரால் முடியவில்லை. அந்த நாட்களில் எங்கள் ஆசிரியைகள் பிள்ளைகளை மேசையில் விரல் வைத்துப் பழகச் சொன்னார்கள். வலக்கைச் சுரத்தை வாயால் பாடிக்கொண்டு இடக்கையை மேசையில் தட்டுவது, தாளத்தைக் கைதட்டிச் சொல்வது, சரளி வரிசையை மூன்று காலத்தில் பாடுவதுபோல ஸ்கேலை மூன்று வேகத்தில் பாடுவது. மெழுகுதிரி வெளிச்சத்தில் வீட்டில் எல்லோரும் சுற்றி இருந்ததால் பிள்ளைகள் இதை விளையாட்டாகவே செய்தார்கள். மின்சாரம் வந்த பிறகும் இதை விட்டுவிடத் தேவையில்லை.

இனித் தாய்மாரிடம். யப்பானில் வயலின் கற்பித்த சுசுக்கி என்ற ஆசிரியர், பிள்ளைக்கு முதல் தாய்க்கு ஒரு பாட்டாவது சொல்லிக்கொடுப்பார். தாய் வீட்டில் வாசிப்பதைப் பார்த்து, "எனக்குத் தாங்க" என்று பிள்ளை பறிக்க வரும்வரை காத்திருப்பார். பிள்ளை தாய்மொழியைக் கேட்டுக் கேட்டுப் பேசுவதுபோல இசையும் வரவேண்டும் என்பது அவருடைய எண்ணம். இங்கே இருக்கிற எத்தனை பேர் பள்ளிக்கூட நாட்களில் வாசித்தவர்கள்? கை உயர்த்த வேண்டாம், எங்களுக்குத் தெரியும். மகளுக்கு வாங்கிய கீபோட்டில் நீங்களே ஒரு பாட்டைத் திரும்பப் பழகுங்கள். விரல் இறுகிப்போயிருக்கும், பிழைக்கும். பெரிய ஆளும் பிழைத்துத் திருத்துவதைப் பிள்ளை பார்க்கட்டும்.

வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு ஒரு யோசனை. உங்கள் பிள்ளைகளுக்கு அங்கே நல்ல பியானோ இருக்கிறது, நல்ல ரீச்சர் இருக்கிறார், கேட்கத்தான் ஆளில்லை. நீங்கள் வேலையால் வந்து களைத்திருப்பீர்கள். சவளக்கடையிலும் நற்பிட்டிமுனையிலும் மருதமுனையிலும் பேரப்பிள்ளையின் முகம் பார்க்கக் காத்திருக்கிற அம்மம்மாமாரும் மூத்தம்மாமாரும் இருக்கிறார்கள். எங்களில் ஒருவர் வீட்டில் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் வட்ஸ்அப்பில் இது நடக்கிறது. ரொறன்ரோவில் பிள்ளைக்குக் காலை, இங்கே இரவுச் சாப்பாடு முடிந்த நேரம். மூத்தம்மாவுக்கு அந்தச் சங்கீதம் ஒன்றும் விளங்காது. "போன கிழமை வாசிச்சதையும் வாசி மனே" என்று மட்டும் கேட்பா. அதற்காக அந்தப் பிள்ளை பழைய பாட்டுகளையும் மறக்காமல் வைத்திருக்கிறது.

கடைசியாகச் சங்கத்திடம் இரண்டு கோரிக்கை. பிள்ளைகள் வளர்ந்துபோன வீடுகளில் சும்மா கிடக்கும் கீபோட்டுகளைக் கல்லூரிக்குத் தாருங்கள். வீட்டில் வாத்தியம் இல்லாத மாணவிகளுக்குத் தவணை தவணையாக இரவல் கொடுக்கலாம், பதிவுப் புத்தகத்தை நாங்கள் வைத்துக்கொள்கிறோம். மற்றது, மாதத்தில் ஒரு சனிக்கிழமை காலை கல்லூரி மண்டபத்தைத் திறந்து தாருங்கள். பரீட்சை இல்லை, பரிசு இல்லை, பேச்சும் இல்லை. பிள்ளைகள் வந்து ஆளுக்கொரு பாட்டு வாசித்துவிட்டுப் போகட்டும். கிட்டங்கியில் வெள்ளம் என்றால் அந்த மாதம் சவளக்கடையிலேயே எங்கள் வீடுகளில் ஒன்றில் வைத்துக்கொள்வோம். தேநீரும் கதிரைகளும் எங்கள் பொறுப்பு. கேட்க நீங்கள் வாருங்கள்.