வாசலில் நின்ற படகில் மூன்று இரவு

(நம் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பி பிளாக் குடியிருப்பாளர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)



"ஆஸ்திரேலியாவில் மகனோடு பாய்மரப் படகில் போய்த் தங்கினீர்களாமே, அதைப் பற்றிக் கொஞ்சம் பேசுங்கள்" என்று செயலாளர் சார் கேட்டார். மண்ணூர்பேட்டையில் உட்கார்ந்துகொண்டு படகைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது என்று முதலில் தயங்கினேன். பிறகு 2023 டிசம்பர் ஞாபகம் வந்தது. மிக்ஜாம் புயல். கரண்ட் இல்லை, மோட்டார் ஓடவில்லை, லிஃப்ட் இல்லை, கீழே இறங்கினால் தண்ணீர். அந்த நாட்களில் நாம் எல்லோருமே படகில்தான் இருந்தோம். ஒரு தயாரிப்பும் இல்லாமல் ஏறிய படகு அது. அதனால் பேசலாம் என்று ஒப்புக்கொண்டேன்.

என் மகன் பெர்த் நகரில் இருக்கிறான். பழைய பாய்மரப் படகு ஒன்று வாங்கியிருந்தான். நீளம் 22 அடி. அகலம் இரண்டரை மீட்டருக்குள். அதனால் டிரெய்லரில் ஏற்றி, காருக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போகலாம். அடியில் இருக்கும் கனமான பலகையை மேலே தூக்கிக்கொள்ள முடியும் என்பதால் முழங்கால் ஆழத் தண்ணீரிலும் மிதக்கும். உள்ளே மூன்று பேர் படுக்கலாம், ஆனால் நிமிர்ந்து நிற்க முடியாது. நம் வீட்டுச் சமையலறையை விடச் சிறிய இடம்.

2024 அக்டோபரில் நானும் என் மனைவியும் போனோம். டிசம்பரில் மூன்று பேரும் ஐந்து நாள் படகிலேயே தங்கிப் போய்வருவது என்று திட்டம். எனக்கு வயது 66. அம்பத்தூர் எஸ்டேட்டில் டூல் ரூமில் வேலை பார்த்தவன். உடனே பெரிய பட்டியல் போட்டுக் கடைக்குக் கிளம்பினேன். மகன் தடுத்தான். "அப்பா, எதுவும் வாங்க வேண்டாம். முதலில் மூன்று ராத்திரி வாசலிலேயே படகில் படுப்போம். அப்புறம் பட்டியல் போடுங்க."

வீட்டு வாசலில், டிரெய்லர் மேல் நிற்கும் படகில், மூன்று பேர். எதிர் வீட்டுக்காரர் வந்து வேடிக்கை பார்த்தார். ஆனால் அந்த மூன்று இரவுகள் சொல்லித் தந்ததை எந்தக் கடைக்காரரும் சொல்லித் தந்திருக்க மாட்டார்.

முதல் இரவு என் மனைவி ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "ஏங்க, நடு ராத்திரியில விளக்கு போடாம என் பிரஷர் மாத்திரையை எடுக்க முடியுமா?" முடியவில்லை. மூன்று பைகளைக் கலைத்தோம். மறுநாளிலிருந்து ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் இடம் என்று வைத்தோம். எடுத்தால் அதே இடத்தில் திரும்ப வைக்க வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு எடுத்துக் காட்ட வேண்டும் என்று பரீட்சையும் நடந்தது.

இரண்டாவது இரவு கணக்கு போட்டோம். குடிக்கவும் சமைக்கவும் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 4 லிட்டர் தண்ணீர். மூன்று பேருக்கு ஐந்து நாள் என்றால் 60 லிட்டர். திரும்பி வரத் தாமதமாகலாம் என்று பாதி அளவு கூடுதல். ஆக 90 லிட்டர், அதாவது 90 கிலோ. அதை முன்னாலோ ஒரு பக்கமாகவோ வைத்தால் படகு சாயும். நடுவில், தாழ்வாக வைக்க வேண்டும்.

மின்சாரமும் அப்படித்தான். 100 ஆம்பியர்-மணி பேட்டரி இருந்தாலும் பாதிக்கு மேல் எடுத்தால் அதன் ஆயுள் குறையும். எல்.இ.டி. விளக்குகள், மேலே எரியும் நங்கூர விளக்கு, மூன்று செல்போன், ஆழம் காட்டும் கருவி எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்குச் சுமார் 14 வந்தது. வெயிலே இல்லாவிட்டாலும் மூன்று நாள் தாங்கும். சோலார் பலகை கைகொடுத்தால் கவலையே இல்லை. மிக்ஸி, ஃபேன் பேச்சுக்கே இடமில்லை.

மூன்றாவது இரவு சமையல். நாம் வீட்டில் எரிக்கும் கேஸ் காற்றை விடக் கனமானது. கசிந்தால் படகின் அடிப்பகுதியில் போய்த் தங்கும். ஒரு பொறி போதும். மூடிய அறைக்குள் அடுப்பு எரித்தால் கார்பன் மோனாக்சைடு ஆபத்தும் உண்டு. அதனால் உள்ளே அடுப்பு பற்றவைப்பதில்லை, திறந்த மேல்தளத்தில் மட்டும்தான் என்று முடிவு செய்தோம். கழிப்பறைக்குக் கையில் தூக்கக்கூடிய ரசாயனப் பெட்டி. இதைச் சொல்ல வெட்கப்பட வேண்டாம். அது சரியாக இருந்ததால்தான் என் மனைவி வரச் சம்மதித்தாள்.

கடைசியில் என் பட்டியலில் இருந்த நாற்பது பொருள்களில் வாங்கியது ஒன்பதுதான்.

நாங்கள் அங்கே இருந்த சமயம், நவம்பரில், நம் கடற்படையின் 'தாரிணி' பாய்மரக் கப்பல் பெர்த்துக்குப் பக்கத்தில் இருக்கும் ஃப்ரீமாண்டில் துறைமுகத்துக்கு வந்தது. 56 அடி நீளம். அதில் இரண்டே பேர்: புதுச்சேரியைச் சேர்ந்த ரூபா அழகிரிசாமியும், கோழிக்கோட்டைச் சேர்ந்த தில்னாவும். 2024 அக்டோபர் 2 அன்று கோவாவிலிருந்து கிளம்பி, உலகைச் சுற்றி 25,000 கடல் மைலுக்கு மேல் ஓட்டி, 2025 மே 29 அன்று திரும்பினார்கள். நாங்கள் கரையில் நின்று பார்த்தோம். மகன் சொன்ன ஒரு விஷயம் மனதில் நின்றது. கிளம்புவதற்கு முன் மூன்று ஆண்டுகள் தயாரானார்கள். அதற்குள் அவர்கள் சேர்த்திருந்த கடல் அனுபவம் 38,000 கடல் மைல். பயணத்தை விடப் பயிற்சி நீளம்!

டிசம்பரில் நாங்கள் கிளம்பினோம். பெர்த்துக்குத் தெற்கே மாண்டுரா என்று ஓர் ஊர். அங்கே நம் பழவேற்காடு ஏரி மாதிரி ஆழம் குறைந்த பெரிய உப்பங்கழி. டிரெய்லரில் எடை வைப்பதற்கும் ஒரு கணக்கு உண்டு. மொத்த எடையில் சுமார் பத்தில் ஒரு பங்கு காரின் கொக்கி மேல் அழுத்த வேண்டும். குறைந்தால் வேகத்தில் டிரெய்லர் பாம்பு மாதிரி நெளியும். இறக்கும் இடத்தில் பாய்மரத்தை நிமிர்த்துவதற்கு முன் தலைக்கு மேல் மின்கம்பி இருக்கிறதா என்று மூன்று பேரும் தனித்தனியாகப் பார்த்தோம். அலுமினியக் கம்பம் மின்கம்பியில் பட்டால் அடுத்த நிமிடம் கிடையாது.

மூன்று நாள் சொர்க்கம். மதியம் கடலிலிருந்து வரும் காற்றை அங்கே 'ஃப்ரீமாண்டில் டாக்டர்' என்கிறார்கள். மெரினாவில் வீசும் காற்று நம் பக்கம் வந்து சேரச் சாயங்காலம் ஆகிவிடும். அங்கே நேராக முகத்தில் அடித்தது.

நான்காவது இரவு நான் தப்பு செய்தேன். நங்கூரம் போடும்போது, ஆழத்தோடு படகு முனையின் உயரத்தையும் கூட்டி, அதைப் போல ஐந்து முதல் ஏழு மடங்கு கயிறு விட வேண்டும். அன்றைக்குப் பதினேழு மீட்டராவது விட்டிருக்க வேண்டும். 'ஒன்றரை மீட்டர் தண்ணீர்தானே' என்று எட்டு மீட்டரோடு நிறுத்திவிட்டேன். மகனிடமும் சொல்லவில்லை.

இரவு இரண்டு மணிக்குக் காற்று திசை மாறிக் கிழக்கிலிருந்து அடித்தது. நங்கூரம் பிடிவிட்டு, படகு இருட்டில் கரையை நோக்கி நகர்ந்தது. டார்ச்சைத் தேடினேன். அதன் இடத்தில் இல்லை. படுத்துக்கொண்டு புத்தகம் படிக்க எடுத்தவன் நான்தான். எங்கே வைத்தேன் என்று தெரியவில்லை. அப்போது பின்னாலிருந்து வெளிச்சம் வந்தது. என் மனைவி மாத்திரை டப்பாவுக்குப் பக்கத்தில் தனக்கென்று ஒரு சின்ன டார்ச் வைத்திருந்தாள். கையை நீட்டினாள், எடுத்தாள். அந்த வெளிச்சத்தில் மகன் அடிப்பலகையைத் தூக்கினான். படகு மணலில் மெதுவாகத் தட்டி நின்றது. யாருக்கும் அடி இல்லை. பாறைக் கரையாக இருந்திருந்தால் இன்றைக்கு இந்தப் பேச்சு வேறு மாதிரி இருந்திருக்கும்.

விடிந்ததும், இன்னும் சுற்றலாம் என்றேன் நான். மகன் ஒத்துக்கொள்ளவில்லை. எது நடந்தால் திரும்ப வேண்டும் என்று கிளம்பும் முன்பே வீட்டில் எழுதி வைத்திருந்தோம். "ராத்திரி தூங்காவிட்டால் மறுநாள் திரும்புவது" என்பதும் அதில் இருந்தது. திரும்பினோம். கரையில் விவரம் சொல்லிவிட்டு வந்த தன்னார்வ மீட்புக் குழுவுக்கும் "வந்துவிட்டோம்" என்று தகவல் கொடுத்தோம்.

உங்களில் யாருக்காவது இந்த ஆசை இருந்தால், படகு வாங்குவதிலிருந்து ஆரம்பிக்காதீர்கள். முதலில் நீச்சல். பிறகு பாய் கட்டும் வித்தை. 1911-இல் தொடங்கிய ராயல் மெட்ராஸ் யாட் கிளப் நம் துறைமுகத்திலேயே இருக்கிறது. ஒலிம்பிக் வரை போன நேத்ரா குமணன் சிறுமியாகப் பாய்மரம் பழகியது இதே சென்னையில்தான்.

ஆசை இல்லாதவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். 2023 வெள்ளத்தில் நம் பிளாக்கில் ஒரு பெரியவர் ஃப்ரிட்ஜில் வைத்திருந்த இன்சுலின், கரண்ட் இல்லாமல் வெதுவெதுப்பாகக் கிடந்தது. இரண்டாம் நாள்தான் நமக்குத் தெரிந்தது. ஏதோ ஒன்றும் ஆகவில்லை. அவர் வீட்டுக்கு நேர் மேல் வீட்டில் இருந்தவன் நான். கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை.

ஆகவே அடுத்த மழைக்கு முன் மூன்று காரியம் செய்வோம். ஒன்று, மோட்டார் நின்றால் மேல் தொட்டியில் இருப்பது ஒரு வீட்டுக்கு எத்தனை லிட்டர் என்று வகுத்து நோட்டீஸ் போர்டில் எழுதுவோம். இரண்டு, எந்த வீட்டில் யாருக்கு என்ன மருந்து, யாரால் படி இறங்க முடியாது என்பதை, அவர்கள் சம்மதத்தோடு, பிளாக்குக்கு இரண்டு பேர் தெரிந்து வைத்துக்கொள்வோம். மூன்று, ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு எட்டு முதல் பத்து வரை மெயினை அணைத்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு உங்கள் டார்ச்சை எடுத்துப் பாருங்கள்.

என்னுடையது இப்போது கட்டிலின் வலது பக்க ஆணியில் தொங்குகிறது. புத்தகம் படிக்க அதை எடுப்பதில்லை.