நாய்க்கு நீந்தத் தெரியும். கரையேற வழி வேண்டும்

(உழவர்களுக்காக வானொலியில் நிகழ்த்திய உரை)



உரம், பூச்சி, பாசனம் என்று பேசுகிற ஆள் இன்றைக்கு நாயையும் நீச்சலையும் பற்றிப் பேச வந்திருக்கிறாரே என்று நினைப்பீர்கள். காரணம் இருக்கிறது. களத்தைக் காப்பது நாய். பட்டியைக் காப்பது நாய். ராத்திரியிலே பன்றியை விரட்டுவதும் அதுதான். அந்த நாய் தண்ணீரில் விழுந்தால், பின்னாலேயே குதிப்பது நம் வீட்டுப் பிள்ளை. ஆகவே இது நாயைப் பற்றிய பேச்சு மட்டுமல்ல.

நான் குடியிருப்பது சென்னையில் அடையாறு பக்கம். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் பெசன்ட் நகர் கடற்கரைக்குப் போனால் மயிலாப்பூர், தியாகராய நகர் என்று பல இடங்களிலிருந்தும் நாயைக் கூட்டிக்கொண்டு வருகிறார்கள். நாய் அலையைத் துரத்தும். அலை நாயைத் துரத்தும். பார்க்கச் சந்தோஷமாகத்தான் இருக்கும்.

ஓர் ஆனி மாதக் காலை. ஒருவர் தம்முடைய வெள்ளை ராஜபாளையம் நாயை அவிழ்த்து விட்டிருந்தார். பந்தைத் தேடி உள்ளே போன நாய், இரண்டு அலை தாண்டியதும் தலை மட்டும் தெரிந்தது. அவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டார், கத்தினார். நாய் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சட்டையைக் கழற்றிவிட்டு இறங்கப் போனவரை, பக்கத்திலே வலை பிரித்துக்கொண்டிருந்த மீனவப் பெரியவர் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"எறங்காதே சார்! அது நாலு காலு, மெதக்கும். தண்ணி வடக்கால இழுக்குது. நீ கரையோரமா வடக்கால நட. அங்க வந்து சேரும்" என்றார்.

அப்படியே நடந்தது. கொஞ்ச தூரம் தள்ளி அலையே நாயைக் கரையில் கொண்டுவந்து விட்டது.

இதிலே கவனிக்க வேண்டியவை இரண்டு. ஒன்று, வெள்ளை நிற ராஜபாளையம் நாய்களில் சில பிறவியிலேயே காது கேளாதவை. கூப்பிட்டால் வரும் என்று நம்பி அவற்றைத் தண்ணீரில் விடக்கூடாது. குட்டியாக இருக்கும்போதே பின்னால் நின்று கை தட்டிப் பாருங்கள். இரண்டாவது, நம் கரையோர நீரோட்டம் தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் பெரும்பாலும் வடக்கு நோக்கியும், வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் தெற்கு நோக்கியும் போகும். அலை உடையும் இரண்டு இடங்களுக்கு நடுவே தண்ணீர் அமைதியாகத் தெரிந்தால் அது பத்திரமான இடம் என்று எண்ணிவிடாதீர்கள். பல சமயம் அங்கேதான் தண்ணீர் கடலுக்குள்ளே திரும்பிப் போகிறது.

அதே கடற்கரையில் வெள்ளையாக ஒரு நினைவுச் சின்னம் நிற்கிறது. 1930 டிசம்பர் 30 அன்று, மற்றவர்கள் உயிரைக் காப்பாற்றப் போய்க் கடலில் மூழ்கி இறந்த ஷ்மிட் என்ற டென்மார்க் நாட்டவருக்காக எழுப்பியது அது. உதவும் மனசு இருந்தால் மட்டும் தண்ணீர் விட்டுவிடாது. அந்த வழியாகப் போகிற போதெல்லாம் எனக்கு இதுதான் நினைவுக்கு வரும்.

சரி, கடல் இல்லாத ஊர்க்காரர்களுக்கு இதில் என்ன என்று கேட்பீர்கள். மயிலாப்பூர் கபாலீசுவரர் கோயில் தெப்பக்குளத்தைப் பார்த்தவர்கள் நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். நாலு பக்கமும் படி. ஆடு விழுந்தாலும் ஆள் விழுந்தாலும் ஏறி வரலாம். நம் ஏரிக்கும் சரிவான மண்கரை உண்டு. ஆனால் பாலித்தீன் ஷீட் விரித்த பண்ணைக்குட்டைக்கு? அதிலே பாசி படிந்தால் கால் நிற்காது. நாய்க்கு நீந்தத் தெரியும், ஏறுவதற்குத்தான் வழியில்லை. விளிம்பைப் பிறாண்டிப் பிறாண்டி, கால் சோர்ந்து, அப்புறம்தான் முழுகும்.

இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. செங்கற்பட்டுப் பக்கம் என் அக்கா வீட்டு நிலத்தில் பண்ணைக்குட்டை வெட்ட யோசனை சொன்னவன் நான்தான். நீளம், அகலம், ஆழம் எல்லாம் அளந்து கொடுத்தேன். போன கோடையில் ஒரு மத்தியானம், அவர்கள் நாய் மணி தண்ணீர் குடிக்க இறங்கி வழுக்கி விழுந்துவிட்டது. "மாமா, மணி முழுகுது!" என்று கத்திக்கொண்டே அக்கா மகன் ஒரு காலை உள்ளே வைத்துவிட்டான். பன்னிரண்டு வயசுப் பையன். ஏரியிலே நன்றாக நீந்துவான். ஆனால் அந்த ஷீட்டில் நாய் ஏற முடியாத இடத்தில் அவன் மட்டும் எப்படி ஏறுவான்? ஓடிப்போய் அவனைப் பின்னால் இழுத்துப் போட்டேன். கிணற்றுக் கயிற்றில் கோணிச் சாக்கைக் கட்டிச் சரிவில் விட்டோம். மணி அதைப் பற்றிப் பற்றி ஏறி வந்தது. அன்றைக்கு நான் அங்கே இல்லாதிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றும் நினைக்கப் பயமாக இருக்கிறது. எல்லாவற்றையும் அளந்து கொடுத்த நான், ஏறி வர ஒரு வழி வைக்கச் சொல்லவில்லை. தவறு என்னுடையதுதான்.

ஆகவே, குட்டை வைத்திருப்பவர்கள் இந்த வாரமே செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். கரையில் கெட்டியான முளை அடித்து, அதிலிருந்து தடித்த கயிற்றுக் கயிறாக அடிக்கு ஒரு முடிச்சுப் போட்டு அடிமட்டம் வரை விடுங்கள். கோடையில் நீர்மட்டம் இறங்கும். கயிறு பாதியில் நின்றால் பயனில்லை. அதன் மேலே கோணிச் சாக்கையோ பழைய சைக்கிள், மோட்டார் சைக்கிள் டயர்களையோ ஏணி மாதிரி கட்டுங்கள். கம்பி, ஆணி வேண்டாம், ஷீட் கிழியும். எதிரெதிராக இரண்டு இடத்திலாவது இருக்கட்டும். சுற்றிலும் வேலி போடுங்கள். வேலிக்கு வெளியே ஒரு தொட்டியில் எப்போதும் தண்ணீர் வையுங்கள். தாகம் தீர்ந்த நாய் குட்டைக்குப் போகாது. பம்புசெட் தொட்டிக்குள்ளும் ஒரு கல்லைப் படியாகப் போட்டு வையுங்கள்.

நாய் விழுந்துவிட்டால் யாரும் குதிக்கக் கூடாது. பயந்த நாய் காப்பாற்ற வந்தவர் தலைமேலேயே ஏறும், பிறாண்டும், கடிக்கும். கயிறு கட்டிய காலி கேன், லாரி டியூப் எதையாவது வீசுங்கள். கிணறு என்றால் பெரிய கூடைக்கு நாலு பக்கமும் கயிறு கட்டி இறக்குங்கள். முடியவில்லையென்றால் 101-க்குப் போன் செய்து தீயணைப்பு வீரர்களைக் கூப்பிடுங்கள். பாழுங்கிணற்றில் விஷவாயு இருக்கும். ஒருவர் பின் ஒருவராக இறங்கி உயிர் விட்ட கதை நாம் கேட்காததல்ல.

கரை சேர்ந்த நாயைத் தலைகீழாகத் தூக்கிச் சுழற்றாதீர்கள். பக்கவாட்டில் படுக்கவைத்து, வாயில் இருக்கும் சேற்றை எடுத்து, நாக்கை முன்னால் இழுத்து விடுங்கள். மூச்சும் துடிப்பும் இல்லையென்றால் முன்னங்கால் முழங்கை வந்து தொடும் விலாப் பகுதியை நிமிஷத்துக்கு 100 முறைக்குக் குறையாத வேகத்தில் அழுத்த வேண்டும். பிழைத்து எழுந்தாலும் கால்நடை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். நுரையீரலில் போன தண்ணீர் ஒரு நாள் கழித்துக்கூடத் தொல்லை கொடுக்கும். 1962 என்ற எண்ணில் கால்நடை மருத்துவ உதவி கேட்கலாம்.

நாயைத் தண்ணீரில் விடவே கூடாது என்று நான் சொல்லவில்லை. வெயில் காலத்தில் அதற்கும் உடம்பு குளிர வேண்டாமா? ஏரியின் ஆழமில்லாத ஓரத்தில், நீளக் கயிற்றோடு, பத்து நிமிஷம் விடுங்கள். கயிற்றை நெஞ்சோடு சேர்ந்த பட்டையில் கட்டுங்கள். கழுத்தில் சங்கிலி வேண்டாம். குட்டியைத் தூக்கி எறிந்தால் தானே கற்றுக்கொள்ளும் என்பது தப்பு. அதற்குப் பயம்தான் பிடிக்கும். கடற்கரைக்குக் கூட்டிப் போனால் நல்ல தண்ணீர் கையோடு கொண்டு போங்கள். உப்புத் தண்ணீர் குடித்தால் வாந்தியும் கழிச்சலும் வரும். மணலில் கிடக்கும் செத்த பேத்தை மீனில் வாய் வைக்க விடாதீர்கள், அது விஷம்.

மழை வெள்ளம், சாக்கடை கலந்த தண்ணீர் இரண்டும் ஆகாது. எலிச் சிறுநீர் கலந்த தண்ணீரால் எலிக்காய்ச்சல் நாய்க்கும் வரும், மாட்டுக்கும் வரும், நமக்கும் வரும். நாய்க்கு இதற்கு ஆண்டுதோறும் தடுப்பூசி உண்டு.

கடைசியாக ஒன்று. "தண்ணீரில் இறங்குகிற நாய்க்கு வெறி இருக்காது" என்று ஊரில் சொல்வார்கள். நம்பாதீர்கள். தண்ணீரைக் கண்டு அஞ்சுவது வெறிநோய் கண்ட மனிதனுக்கு உள்ள அடையாளம். வெறிநாய் தண்ணீர் குடிக்கவும் செய்யும், நீந்தவும் செய்யும். எந்த நாய் கடித்தாலும் ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிஷம் கழுவிவிட்டு, அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் ஊசி போட்டுக்கொள்ளுங்கள்.

விவசாயப் பெருமக்களே, ஒரு கயிறு, நாலு சாக்கு, இரண்டு பழைய டயர். செலவு அவ்வளவுதான். இன்று சாயங்காலம் உங்கள் குட்டைக் கரையில் நின்று ஒரே ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்: இதில் விழுந்தால் ஏறி வர வழி இருக்கிறதா? இல்லையென்றால் நாளைக் காலை முதல் வேலை அதுவாக இருக்கட்டும்.