மூலத்தைப் பார்த்து எழுதுவோம்



உங்கள் உதவியால் தாதிமை படிக்கச் செல்லும் கம்போங் ராஜா தோட்டத்துப் பிள்ளைகளுக்கு ஒரு சொல்: கட்டுரையில் ஆதாரம் காட்டுமுன் மூலத்தைப் படியுங்கள். மாணவியாக இருந்தபோது நானும் பிறர் குறிப்பை அப்படியே நகலெடுத்தவள்தான்.

1980இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் ஐந்தே வாக்கியத்தில் ஒரு கடிதம் வந்தது. மருத்துவமனையில் தங்கியிருந்த நோயாளிகளில், அபின் வகை வலிமருந்துக்கு அடிமையானோர் அரிது என்றது. 2017இல் கணக்கெடுத்தபோது 608 கட்டுரைகள் அதை மேற்கோள் காட்டியிருந்தன. அவற்றில் 491, ‘மருத்துவமனையில் தங்கியிருந்தவர்கள்’ என்பதையே விட்டுவிட்டன! வீட்டுக்குக் கொடுத்தனுப்பும் மருந்துக்கும் அதுவே சான்றானது. அமெரிக்காவில் எத்தனையோ குடும்பங்கள் அந்தப் போதையால் அழிந்தன.

ரசீது பார்க்காமல் ஆலயக் கணக்கில் ஒரு வெள்ளியும் எழுதமாட்டோம். நோயாளியின் உயிர்க்கணக்கில் மட்டும் எழுதலாமா?