மாறும் வெளிச்சத்தில் சைக்கிளும் மூக்குக் கண்ணாடியும்

(எங்கள் புனே கிளையின் அங்கத்தினர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



காரியதரிசி என்னைக் கண் பராமரிப்பு பற்றி அரைமணி நேரம் பேசச் சொன்னார். பொதுவாகப் பேசினால் கேரட்டும் முருங்கைக் கீரையும் சாப்பிடுங்கள் என்று ஐந்து நிமிஷத்தில் முடிந்துவிடும். அதெல்லாம் இங்குள்ள மாமிகளுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். ஆகவே ஒரே ஒரு விஷயத்தை எடுத்துக்கொள்கிறேன். பவர் கண்ணாடி போடுகிறவர்கள் விடியற்காலையிலும் சாயங்காலத்திலும் சைக்கிள் ஓட்டும்போது எந்தக் கண்ணாடியைப் போட்டுக்கொள்வது என்பதுதான் அது.

இது என்ன பெரிய விஷயம் என்று சிலர் நினைக்கலாம். 2020 ஊரடங்குக்குப் பிறகு நம் கிளையில் மட்டும் பத்துப் பேருக்குக் குறையாமல் சைக்கிள் வாங்கியிருக்கிறார்கள். முழங்காலுக்கு நல்லது, சர்க்கரைக்கு நல்லது என்று டாக்டர் சொல்லி ஆரம்பித்தவர்களே அதிகம். அநேகமாக எல்லோரும் கண்ணாடி போட்டவர்கள். பாதிப் பேர் அறுபதைத் தாண்டியவர்கள். சென்ற வருஷம் அவர்களில் ஒருவர், மரநிழலில் இருந்த வேகத்தடையைக் கவனிக்க முடியாமல் விழுந்து, காரை எலும்பு முறிந்து, ஆறு வாரம் கையைத் தூளியில் தொங்கவிட்டுக்கொண்டு இருந்தார். அவர் அனுமதியோடுதான் சொல்கிறேன். அவருடைய கண்ணாடியை நானே லென்ஸோமீட்டரில் வைத்துப் பார்த்தேன். பவர் துல்லியமாக இருந்தது. சங்கடம் லென்ஸின் ரகத்தில்.

முப்பத்தைந்து வருஷம் இந்த ஊரில் மூக்குக் கண்ணாடித் தொழிலில் இருந்தவன் நான். ஞாயிற்றுக்கிழமை தோறும் கடக்வாஸ்லா அணை வரை சைக்கிளில் போய்வருகிறவனும்கூட. அதனால் கல்லாவுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்று பார்த்ததைச் சொல்கிறேன்.

அந்த ஒரு சவாரியையே எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்தே முக்காலுக்குக் கிளம்பும்போது தெருவிளக்குதான் வெளிச்சம். எதிரே வரும் லாரியின் ஹெட்லைட் கண்ணில் அடிக்கும். கடக்வாஸ்லா நகருக்குத் தென்மேற்கே இருப்பதால், போகும்போது சூரியோதயம் முதுகுக்குப் பின்னால். திரும்பும்போது அதே சூரியன் எதிரே, கண் மட்டத்தில். நடுவில் மரங்கள் அடர்ந்த இடங்களில் வெயில், நிழல், வெயில் என்று இரண்டு நொடிக்கு ஒருதரம் மாறும். காத்ரஜ் பழைய காட் சாலையில் போகிறவர்களுக்குச் சுரங்கப்பாதை வேறு. கிளம்பும்போது இருந்த தெருவிளக்கு வெளிச்சத்துக்கும், வீடு திரும்பும்போது அடிக்கும் வெயிலுக்கும் ஆயிரம் மடங்குக்கு மேல் வித்தியாசம்.

இளம் வயதில் கண் இதற்கெல்லாம் ஈடுகொடுத்துவிடும். வயதாக ஆக, கண்மணி முன்போல் விரிவதில்லை. உள்ளே இருக்கும் இயற்கை லென்ஸும் மெல்ல மஞ்சளடிக்கிறது. இருபது வயதில் விழித்திரைக்கு எட்டிய வெளிச்சத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் அறுபது வயதில் எட்டும் என்பது கண் மருத்துவத்தில் நெடுநாளாகச் சொல்லப்படும் கணக்கு. வெளிச்சத்திலிருந்து இருட்டுக்குப் பழகவும் அதிக நேரம் பிடிக்கும். அப்படிப்பட்ட கண்ணுக்கு முன்னால் நாம் காசு கொடுத்து இன்னொரு திரையைத் தொங்கவிடுகிறோம்.

ஆகவே என் அபிப்பிராயம் இதுதான். சைக்கிள் கண்ணாடியை வெயிலை நினைத்து வாங்காதீர்கள். நீங்கள் போகும் பாதையில் எது ரொம்ப இருட்டான இடமோ, அதை நினைத்து வாங்குங்கள். வெயில் கூசினால் வண்டியை ஓரங்கட்டி ஏதாவது செய்துகொள்ளலாம். இருட்டில் இருக்கும் குழி அவ்வளவு அவகாசம் தராது.

விழுந்த அங்கத்தினர் போட்டிருந்தது வெயிலில் தானாகக் கறுக்கும் போட்டோகுரோமிக் லென்ஸ். 1960களில் அமெரிக்காவின் கார்னிங் கம்பெனி, கண்ணாடிக்குள் வெள்ளி உப்பைச் சேர்த்து இதைக் கொண்டுவந்தது. இப்போது பிளாஸ்டிக் லென்ஸில் வேறு வகைச் சாயங்கள். "அகத்துக்குள்ளேயும் வெயிலுக்கும் ஒரே கண்ணாடியா இருக்கட்டும் சார்" என்று கேட்டு வாங்குவார்கள். பாங்குக்கும் கோயிலுக்கும் நடந்து போகிறவர்களுக்கு அது சௌகரியம்தான். நானும் நிறைய விற்றிருக்கிறேன். சைக்கிளுக்கு அது ஒத்துவராது. கறுப்பதற்கு அரை நிமிஷம், ஒரு நிமிஷம் போதும். தெளிவதற்கு அப்படியல்ல. பாதி தெளியவே இரண்டு மூன்று நிமிஷம் ஆகும். முழுக்கத் தெளிய இன்னும் அதிகம். புதிய ரகங்கள் கொஞ்சம் சுறுசுறுப்பு, ஆனாலும் நிமிஷக் கணக்குதான். மணிக்கு 20 கி.மீ. வேகத்தில் போகிறவர் ஒரு நிமிஷத்தில் 333 மீட்டர் கடந்துவிடுகிறார். நிழலுக்குள் நுழைந்த இருபதாவது மீட்டரில் வேகத்தடை வந்துவிட்டது. அவருடைய லென்ஸ் அப்போதும் வெயிலிலேயே இருந்தது.

இன்னொன்று. இந்த லென்ஸ் கறுப்பது நம் கண்ணுக்குத் தெரியும் வெளிச்சத்தைப் பார்த்து அல்ல, பெரும்பாலும் புற ஊதாக் கதிரைப் பார்த்து. மேகம் மூடிய நாளிலும் புற ஊதாக் கதிர் வரும். ஆகவே மழைக்கால மந்தாரத்தில், வெளிச்சமே குறைவாக இருக்கும் சமயத்தில், இது தன் பாட்டுக்குக் கறுத்துக்கொண்டு நிற்கும். உஷ்ணத்துக்கும் இதற்கும் ஆகாது. மே மாதம் நாக்பூரிலும் சென்னையிலும் முழுக்கக் கறுக்காது. ஜனவரியில் டில்லியில் நன்றாகக் கறுத்து, தெளிய இன்னும் நேரம் எடுக்கும். வேண்டிய நாளில் வேலைக்கு வராமல், வேண்டாத நாளில் ஓவர்டைம் பார்க்கும் ஊழியர் மாதிரி.

நிரந்தரமாக நிறம் ஏற்றிய கூலிங் கிளாஸ் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சர்வதேசத் தரத்தில் 0 முதல் 4 வரை வகை பிரித்திருக்கிறார்கள். கடைகளில் அதிகம் விற்கும் 3ஆம் வகையில் 100 பங்கு வெளிச்சத்தில் 8 முதல் 18 பங்குதான் கண்ணுக்கு வந்து சேரும். அந்தியிலும் இரவிலும் வண்டி ஓட்டுவதற்கு 75 பங்குக்குக் குறைவாக விடும் லென்ஸ் எதுவும் தகாது என்பது விதி. சைக்கிளும் வண்டிதானே?

பிறகு எதை வாங்குவது? நிறமே இல்லாத தெளிவான லென்ஸ், பாலிகார்பனேட் அல்லது டிரைவெக்ஸ் ரகத்தில். உடையும் கண்ணாடி லென்ஸ் சைக்கிளுக்குக் கூடவே கூடாது. லாரி டயர் தெறிக்கும் ஒரு கல் போதும். பாலிகார்பனேட் சுலபத்தில் உடையாது. புற ஊதாக் கதிரையும் அதுவே தடுத்துவிடும். அதற்காகக் கறுப்பு நிறம் வேண்டும் என்று நினைக்காதீர்கள். ஆனால் சீக்கிரம் கீறல் விழும். வேஷ்டி நுனியால் துடைக்கும் வழக்கத்தை விட்டுவிட்டு, முதலில் தண்ணீரில் அலம்பிவிட்டுத் துணியை எடுக்கவும். பவர் அதிகமுள்ள சிலருக்குப் பாலிகார்பனேட்டின் ஓரங்களில் நிறம் பிரிவது மாதிரி தெரியும். அவர்களுக்கு டிரைவெக்ஸ் உத்தமம்.

லென்ஸின் இரண்டு பக்கமும் ஆன்டி ரிஃப்ளெக்ஷன் பூச்சு அவசியம். பூச்சில்லாத பாலிகார்பனேட்டில் ஒவ்வொரு பக்கமும் சுமார் 5 சதவீதம் வெளிச்சம் பிரதிபலித்து வீணாகிறது. இரண்டு பக்கமும் சேர்த்து 10. பின்னால் வரும் காரின் வெளிச்சம் உள்பக்கத்தில் பட்டுக் கண்ணில் அடிப்பதும் பூச்சு இருந்தால் குறையும். இது கடைக்காரர் லாபத்துக்காகச் சொல்கிறார் என்று தள்ள வேண்டாம். எனக்கு இப்போது கடை கிடையாது.

கடக்வாஸ்லாவிலிருந்து திரும்பும்போது எதிரே வரும் சூரியனுக்கு என்ன செய்வது? ஹெல்மெட்டுக்கு அடியில் முன்விளிம்பு உள்ள மெல்லிய சைக்கிள் தொப்பி. தலையைக் கொஞ்சம் குனிந்தால் சூரியன் மறையும், நிமிர்ந்தால் முழு வெளிச்சம். காலதாமதமே இல்லாத போட்டோகுரோமிக் அதுதான்! அது போதாதவர்கள், மேலே தூக்கிவிடும்படியான க்ளிப்-ஆன் வாங்கலாம், 2ஆம் வகை நிறத்தில். நிழல் வருவதற்கு முன்பே ஒரு விரலால் தூக்கிவிடலாம். மழைத்தூறலிலும் அந்தத் தொப்பியின் விளிம்பு லென்ஸைக் காப்பாற்றும். மும்பை அங்கத்தினர்கள் கவனிக்கவும்.

அடுத்தது புரோகிரஸிவ். நாற்பதைக் கடந்த பலரும் இதைத்தான் போட்டிருக்கிறோம். மேலே தூரப் பார்வை, கீழே படிக்கும் பவர். சைக்கிளில் முன் சக்கரத்துக்கு நாலைந்து அடி முன்னால் சாலையைப் பார்த்தால், பார்வை படிக்கும் பகுதி வழியாகப் போகிறது. மேடு பள்ளம் மங்கும், தரை மிதக்கும். அதனால் சைக்கிளுக்குத் தூரப் பார்வை மட்டும் உள்ள சிங்கிள் விஷன் லென்ஸே மேல். செல்போனில் வழி பார்க்க வேண்டுமென்றால் வண்டியை நிறுத்திவிட்டுப் பார்ப்பதுதானே முறை.

கடைகளில் அநேகமாகத் தவறவிடும் சமாசாரம் ஒன்று உண்டு. நாற்காலியில் நிமிர்ந்து உட்கார வைத்து, கண்மணிக்கு நேரே லென்ஸில் மார்க் செய்கிறார்கள். சைக்கிளில் நாம் குனிந்து, கண்ணை மேலே தூக்கிப் பார்க்கிறோம். அதாவது லென்ஸின் மேல் பகுதி வழியாக, சில சமயம் பிரேமுக்கும் மேலாக. ஆகவே குனிந்த நிலையில் மார்க் செய்யச் சொல்லுங்கள். மேல் விளிம்பு புருவத்தை ஒட்டி இருக்கும் பிரேமாகப் பாருங்கள். ரப்பர் நோஸ் பேட் வியர்வையில் சரியாது.

முகத்தைச் சுற்றி வளையும் விளையாட்டுப் பிரேம்கள் காற்றையும் பூச்சியையும் நன்றாகத் தடுக்கும். ஆனால் பவர் ஏற ஏற, அந்த வளைவில் லென்ஸ் செய்வது சிரமம். சாய்வுக்குக் கணக்குப் பண்ணிச் செய்யாவிட்டால் ஓரம் கலங்கும். சிலர் உள்ளே பவர் செருகல் வைத்த மாடல் வாங்குகிறார்கள். டில்லிக் குளிரில் அது சீக்கிரம் ஆவி படியும். மிதமான வளைவுள்ள சாதாரண பிரேமே பெரும்பாலோருக்குப் போதும்.

மஞ்சள் லென்ஸ் போட்டால் இரவில் பளிச்சென்று தெரியும் என்று ஒரு நம்பிக்கை. அதுவும் வெளிச்சத்தைக் குறைக்கிற லென்ஸ்தான். 2019இல் அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் கார் ஓட்டும் சிமுலேட்டரில் சோதித்து, எதிர் ஹெட்லைட் இருக்கும்போது பாதசாரியைக் கண்டுகொள்ள மஞ்சள் லென்ஸ் உதவவில்லை என்று வெளியிட்டார்கள். போலரைஸ்டு லென்ஸ் பகல் வெயிலுக்கு இதம். ஈரச் சாலையின் மினுமினுப்பையும் அது அழித்துவிடும். எண்ணெய் சிந்திய இடம் நமக்குத் தெரிவதே அந்த மினுமினுப்பால்தான்.

பத்திரிகையில் இதைப் படிக்கும் மற்ற ஊர் அங்கத்தினர்களுக்கு ஒரு வார்த்தை. ஜூன் மாதத்தில் கொல்கத்தாவில் ஐந்து மணிக்கு முன்பே சூரியோதயம் ஆகிவிடும். மும்பையில் ஆறு மணி. ஐந்தரை மணி சவாரி கொல்கத்தாவில் வெயில் சவாரி, மும்பையில் இருட்டுச் சவாரி. பக்கத்து ஊர் மச்சினர் சொன்னார் என்று அதே கண்ணாடியை வாங்காமல், உங்கள் பாதையில் ஒருநாள் கவனித்துவிட்டு வாங்குங்கள்.

எந்த லென்ஸ் போட்டும் எதிர் ஹெட்லைட் பூவாகச் சிதறித் தெரிந்தால், விளக்கைச் சுற்றி வளையம் தெரிந்தால், கண்ணாடிக் கடைக்கு வராதீர்கள். நேரே கண் டாக்டரிடம் போங்கள். காட்டராக்டாக இருக்கலாம், வேறு ஏதாவதாகவும் இருக்கலாம். அவர் பார்த்துச் சொல்லும்வரை விடியற்காலைச் சவாரியை எட்டு மணிக்குத் தள்ளிப்போடுங்கள்.

என் சைக்கிளையும், தொப்பியையும், நான் போடும் கண்ணாடியையும் வாசலில் வைத்திருக்கிறேன். மார்க்கர் பேனாவும் இருக்கிறது. காப்பி சாப்பிட்டுவிட்டு வந்து, உங்கள் கண்ணாடியோடு சைக்கிளில் ஏறிக் குனிந்து உட்காருங்கள். பார்வை லென்ஸில் எந்த இடத்தில் விழுகிறது என்று மார்க் செய்து காட்டுகிறேன். கேள்விகளையும் அங்கேயே கேட்கலாம்.