எல்லைக் காவலும் எளிய மக்களும்

(வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)

 

'எல்லைப் பாதுகாப்புப் படை' என்னும் தலைப்பில் உரையாற்றுமாறு விழாக்குழுவினர் நம்மைப் பணித்துள்ளனர். பத்தாம் வகுப்புத் தேறிய நம் பிள்ளைகளில் பலர் சீருடைப் பணியை நாடுகின்றனர். அதனை நாம் வரவேற்கின்றோம். ஆயினும், அப்படை எவ்வாறு தோன்றியது, எந்தச் சட்டத்தின்கீழ் இயங்குகின்றது, யாரைக் காக்கின்றது என்னும் வினாக்களுக்கு விடை அறிந்து செல்பவன் ஒருவன். சம்பளத்தை மட்டும் அறிந்து செல்பவன் மற்றொருவன். இருவரும் அணிவது ஒரே சீருடைதான். ஆனால் இருவர் கைத்துப்பாக்கியும் ஒன்றன்று. இதனை விளக்குவதே இவ்வுரையின் நோக்கம்.

முதற்கண் ஒரு தெளிவு வேண்டும். இராணுவம் பாதுகாப்பு அமைச்சகத்தைச் சார்ந்தது. ஊர்க் காவல் நிலையம் மாநில அரசைச் சார்ந்தது. இவ்விரண்டிற்கும் இடையே உள்துறை அமைச்சகத்தின்கீழ்ச் சில ஆயுதப் படைகள் இருக்கின்றன. மத்திய ரிசர்வ் போலீஸ் படை 1939 இல் தோன்றியது. இந்தோ–திபெத் எல்லைப் படை 1962 இல் தோன்றியது. தொழிற் பாதுகாப்புப் படை 1969 இல் தோன்றியது. இவற்றைத் துணை இராணுவம் என்று பொதுமக்கள் அழைப்பர். எல்லைப் பாதுகாப்புப் படையும் இவ்வரிசையைச் சேர்ந்ததே. போர்க்காலத்தில் இராணுவத்திற்குத் தோள் கொடுப்பதும், அமைதிக் காலத்தில் எல்லையில் கடத்தலையும் ஊடுருவலையும் தடுப்பதும் அதன் கடமைகள். ஆகவே அது பாதி போர்வீரனாகவும் பாதி காவலனாகவும் நிற்க வேண்டிய படை. அதன் பெருமையும் அதன் இடர்ப்பாடும் இவ்விரட்டை நிலையிலேயே அடங்கியுள்ளன.

இனி, எல்லையின் வரலாற்றைக் காண்போம். நாட்டுப் பிரிவினைக் கோட்டை வரையும் பொறுப்பை ஏற்ற ஆங்கில வழக்கறிஞர் சிரில் ராட்கிளிப், 1947 ஜூலை 8 ஆம் நாள்தான் இந்தியாவிற்கு வந்து சேர்ந்தார். ஏறத்தாழ ஐந்து வாரங்களில் பஞ்சாபையும் வங்காளத்தையும் கூறுபோடும் பணி முடிந்தது. விடுதலைக்கு இரண்டு நாள் கழித்து, ஆகஸ்டு 17 ஆம் நாள் அம்முடிவு வெளியிடப்பட்டது. வீடு ஒரு நாட்டிலும் விளைநிலம் மறு நாட்டிலுமாகக் குடும்பங்கள் பிளவுபட்டன. கோடு வரைந்தவர் ஊர் திரும்பிவிட்டார். அக்கோட்டின் மீது வாழ்ந்தவர்களுக்குப் போக வேறு ஊர் இல்லை.

1965 வரை பாகிஸ்தான் எல்லையை அந்தந்த மாநிலங்களின் ஆயுதக் காவல் படைகளே காத்து வந்தன. ஒரு மாநிலத்தின் பயிற்சி ஒரு வகை. அடுத்த மாநிலத்தின் ஆயுதம் வேறு வகை. இக்குறைபாடு கட்சுப் பகுதியில் வெளிப்பட்டது. 1965 ஏப்ரல் 9 ஆம் நாள் பாகிஸ்தான் இராணுவம் சர்தார் சாவடி முதலிய காவற் சாவடிகளைத் தாக்கிற்று. அங்கிருந்த மத்திய ரிசர்வ் போலீஸ் படையின் சிறு பிரிவினர் தம்மினும் பன்மடங்கு பெரிய படையை எதிர்த்து நின்றனர். அந்த நாளை அப்படையினர் இன்றும் வீர நாளாகப் போற்றுகின்றனர். ஆனால், வீரம் இருந்தும் ஏற்பாடு இல்லை என்பதை அரசு உணர்ந்தது. செப்டம்பர்ப் போரும் முடிந்த பின்னர், எல்லை முழுவதற்கும் மத்திய அரசின் நேரடிப் பொறுப்பில் ஒரே படை வேண்டும் என்னும் முடிவு எடுக்கப்பட்டது. அவ்வாறே 1965 டிசம்பர் முதல் நாள் எல்லைப் பாதுகாப்புப் படை உருவாயிற்று.

மாநிலக் காவல் பிரிவுகளிலிருந்து திரட்டப்பட்ட 25 பட்டாலியன்களுடன் தொடங்கிய அப்படை, இன்று 190 க்கும் மேற்பட்ட பட்டாலியன்களும் இரண்டரை இலட்சத்திற்கு மேற்பட்ட வீரர்களும் கொண்டதாக வளர்ந்துள்ளது. குவாலியர் அருகில் உள்ள தேகன்பூரில் அதன் பயிற்சிக் கழகம் அமைந்தது. 1968 இல் நாடாளுமன்றம் எல்லைப் பாதுகாப்புப் படைச் சட்டத்தை இயற்றியது. 'இறக்கும் வரை கடமை' என்பது அப்படையின் முழக்கம்.

அதன் முதல் தலைமை இயக்குநராக அமர்ந்தவர் கே. எப். ருஸ்தம்ஜி. மத்தியப் பிரதேசத்தில் காவல்துறைத் தலைவராக இருந்து சம்பல் கொள்ளையரை எதிர்த்தவர். பிரதமர் நேருவின் பாதுகாப்பு அதிகாரியாகப் பணிபுரிந்தவர். பல மொழியினரை, பல மாநிலத்தவரை ஒரே படையாக வார்த்தெடுத்தவர் அவரே. 1974 வரை அவர் அப்பொறுப்பில் இருந்தார். அவருடைய வாழ்வின் பிற்பகுதியை இவ்வுரையின் இறுதியில் மீண்டும் நினைவுகூர்வோம்.

படை தோன்றி ஆறாண்டுகள் நிறைவதற்குள் அதற்குப் பெருஞ்சோதனை வந்தது. 1971 மார்ச்சுத் திங்களில் கிழக்குப் பாகிஸ்தானில் அடக்குமுறை தலைவிரித்தாடியது. ஏறத்தாழ ஒரு கோடி மக்கள் எல்லை தாண்டி இந்தியாவிற்குள் அகதிகளாக வந்தனர். அவர்களை எல்லையில் முதலில் எதிர்கொண்டது இப்படையே. வங்கதேசத் தலைவர் தாஜுதீன் அகமதை எல்லையில் வரவேற்றுப் பாதுகாத்தவர்களும் இப்படை அதிகாரிகளே. விடுதலைப் போராளிகளுக்குத் தொடக்கப் பயிற்சியும் உதவியும் அளித்ததிலும் இதற்குப் பங்குண்டு. டிசம்பரில் போர் மூண்டபோது இராணுவத்துடன் தோளோடு தோள் நின்று போரிட்டது. பஞ்சாப் முனையில் உயிர்நீத்த உதவிக் கமாண்டண்டு ஆர். கே. வாத்வாவிற்கு மகாவீர் சக்கரம் வழங்கப்பட்டது. காவல்துறை மரபில் வந்த ஒரு படையின் அதிகாரிக்கு இவ்விருது கிடைத்தது சிறுபெருமையன்று.

கார்கில் போருக்குப் பின்னர், ஓர் எல்லைக்கு ஒரு படை என்னும் கொள்கை வகுக்கப்பட்டது. அதன்படி பாகிஸ்தான், வங்கதேசம் ஆகிய இரு நாட்டு எல்லைகளும் இப்படையின் பொறுப்பாயின. வங்கதேச எல்லை மட்டும் 4,096 கிலோமீட்டர் நீளமுடையது. தார்ப் பாலையில் ஒட்டகத்தின் மீதும், கட்சின் உப்புச் சதுப்பில் கால்நடையாகவும், சுந்தரவனத்து ஆறுகளில் மிதக்கும் சாவடிகளிலும் வீரர்கள் காவல் புரிகின்றனர். கோடையின் கொதிப்பும் வாடையின் நடுக்கமும் அவர்களுக்கு நாள்தோறும் நேர்பவை. மனைவி மக்களைப் பல மாதங்கள் காணாதிருப்பதும் அப்பணியின் விலையே. இதனை அறியாமல் சீருடையின் மிடுக்கை மட்டும் பார்த்து மயங்குதல் ஆகாது.

இனி நாம் சற்று ஆழ்ந்து நோக்க வேண்டியது, அங்கு வாழும் மக்களை. எல்லை என்றால் வெற்றுக் கோடு அன்று. அங்கே உழவர் இருக்கின்றனர்; மீனவர் இருக்கின்றனர்; நிலமற்ற கூலிகள் இருக்கின்றனர். வங்கதேச எல்லையில் கம்பி வேலி பெரும்பாலும் எல்லைக் கோட்டிலிருந்து 150 கெஜம் உள்வாங்கியே போடப்பட்டுள்ளது. பஞ்சாபிலும் வேலிக்கு அப்பால் நம் உழவர்களின் நிலங்கள் கிடக்கின்றன. குறித்த நேரத்தில் வீரர் வாயிலைத் திறந்தால்தான் உழவர் தம் வயலுக்குச் செல்லலாம். மாலையில் வாயில் அடைபடுமுன் திரும்பிவிட வேண்டும். பயிர் காய்வதும் விளைவதும் ஒரு காவலரின் கைச் சாவியைப் பொறுத்திருக்கின்றது. அக்காவலர் கனிவுடையவராயின் உழவருக்கு வாழ்வு. செருக்குடையவராயின் நாள்தோறும் அவமதிப்பு. அவ்வாயிலில் பெண் உழவர்களைச் சோதனையிடப் பெண் காவலர் தேவைப்பட்டனர். 2009 இல் முதன்முறையாகப் பெண் வீரர்கள் பஞ்சாப் எல்லையில் பணியமர்த்தப்பட்டதற்கு அதுவும் ஒரு காரணம்.

எல்லைக் கோட்டின் கொடுமைக்கு இன்னொரு சான்று உண்டு. ஒரு நாட்டிற்குள் மற்றொரு நாட்டின் தீவுபோல 162 நிலத்துண்டுகள் இந்திய–வங்கதேச எல்லையில் கிடந்தன. அங்கு வாழ்ந்தோருக்குப் பள்ளியில்லை, வாக்குரிமையில்லை, சொல்லிக் கொள்ள ஓர் அரசில்லை. 2015 ஜூலை 31 நள்ளிரவில்தான் அவை இரு நாடுகளாலும் பரிமாறிக் கொள்ளப்பட்டன. விடுதலைக்குப் பின் அறுபத்தெட்டு ஆண்டுகள்!

இப்படையின் மீது எழுந்த குறைகளையும் நாம் மறைத்தல் கூடாது. 2011 ஜனவரி 7 ஆம் நாள் வங்கதேசச் சிறுமி ஒருத்தி, தந்தையுடன் வேலியைத் தாண்ட முயன்றபோது சுடப்பட்டு, அக்கம்பியிலேயே தொங்கி உயிரிழந்தாள். அவளுக்கு வயது பதினைந்து. துப்பாக்கியைக் கையாண்டவரைப் படையின் சொந்த நீதிமன்றம் விடுவித்தது. இரவில் ஆயுதங்களுடன் வரும் கடத்தற்காரரால் வீரர்களும் தாக்கப்படுகின்றனர், மடிகின்றனர் என்பது உண்மை. ஆனால் அச்சிறுமி ஆயுதம் ஏந்தியவள் அல்லள். இரண்டு உண்மைகளையும் ஒருசேரத் தாங்கும் நெஞ்சமே காவலனுக்கு வேண்டும்.

சட்டமும் இதையே உணர்த்துகின்றது. எல்லைப் பகுதியில் சோதனையிடவும், பொருளைக் கைப்பற்றவும், ஆளைக் கைது செய்யவும் இப்படைக்கு அதிகாரம் உண்டு. ஆனால் கைதானவரைக் காவல் நிலையத்தில் ஒப்படைத்துவிட வேண்டும். புலன் விசாரணை செய்து வழக்கு நடத்தும் அதிகாரம் அதற்கில்லை. பஞ்சாப், மேற்கு வங்காளம், அசாம் ஆகிய மாநிலங்களில் இந்த அதிகார எல்லை 15 கிலோமீட்டராக இருந்தது. 2021 அக்டோபரில் மத்திய அரசு அதனை 50 கிலோமீட்டராக உயர்த்தியது. பஞ்சாபும் மேற்கு வங்காளமும் தத்தம் சட்டமன்றங்களில் எதிர்த்துத் தீர்மானம் நிறைவேற்றின. பாதுகாப்பு எங்கே முடிகின்றது, மாநிலத்தின் உரிமை எங்கே தொடங்குகின்றது என்னும் வினா குடியாட்சியில் கேட்கப்பட வேண்டிய வினாவே. அதனைக் கேட்பது நாட்டுப் பற்றின்மை ஆகாது.

நிற்க. நம் சமுதாயத்திற்கும் படைப்பணிக்கும் உள்ள உறவு இன்று நேற்றுத் தோன்றியதன்று. அண்ணல் அம்பேத்கரின் தந்தையார் ஆங்கிலேயரின் இராணுவத்தில் சுபேதாராக இருந்தவர். படைப்பள்ளியில் ஆசிரியராகவும் பணியாற்றியவர். அப்பள்ளிகள் வழியே கல்வி அவ்வீட்டில் நுழைந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், போர்க்குடியினர் எனச் சிலரை மட்டும் பொறுக்கியெடுக்கும் கொள்கையால் மகார் மக்களுக்குப் படையின் கதவு அடைக்கப்பட்டது. வாளேந்தி நின்றவரின் பிள்ளைகளை, வீரமில்லாதவர் என ஏட்டில் எழுதி ஒதுக்கினர். இரண்டாம் உலகப் போரின்போது 1941 இல்தான் மகார் ரெஜிமெண்டு அமைந்தது. பிறப்பைப் பார்த்து வீரத்தை அளந்த அக்கோலைச் சுதந்திர நாட்டின் அரசியல் சட்டம் முறித்தது. இன்று உயரத்தையும் ஓட்டத்தையும் தேர்வு மதிப்பெண்ணையும் கொண்டு அளக்கின்றனர். நமக்குரிய இடஒதுக்கீடும் சட்டப்படி உண்டு.

இளைஞர்களே, அவ்வளவுகளை நன்கு கேளுங்கள். காவலர் தேர்விற்குப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி போதும். வயது பதினெட்டு முதல் இருபத்து மூன்று வரை. நம்மவர்க்கு ஐந்தாண்டுத் தளர்வு உண்டு. ஆண்களுக்கு உயரம் 170 சென்டிமீட்டர். 5 கிலோமீட்டரை 24 நிமிடத்தில் ஓட வேண்டும். பெண்களுக்கு 157 சென்டிமீட்டர், 1.6 கிலோமீட்டரை எட்டரை நிமிடத்தில் ஓட வேண்டும். எழுத்துத் தேர்வு நெடுங்காலம் இந்தியிலும் ஆங்கிலத்திலுமே நடந்தது. இந்தி பேசும் ஊரில் பிறந்தவன் தாய்மொழியில் எழுத, நம் பிள்ளை வினாவைப் புரிந்துகொள்வதிலேயே நேரம் இழந்தான். 2024 முதல் தமிழ் உள்ளிட்ட 13 மொழிகளிலும் தேர்வு நடக்கின்றது. ஆயினும் ஆங்கிலம் அல்லது இந்தி மொழியறிவைச் சோதிக்கும் பகுதி இன்னமும் உண்டு. அதனைப் புறக்கணித்தல் கூடாது.

இதற்கெனச் சங்கத்திற்கு ஒரு வேண்டுகோள் விடுக்கின்றோம். விடியற்காலையில் ஓட்டப் பயிற்சி, மாலையில் கணக்கும் பொது அறிவும் ஆங்கிலமும், வாரம் ஒரு மாதிரித் தேர்வு என ஓராண்டு நடத்துங்கள். இதற்கு ஒரு திடலும் நான்கு விளக்குகளும் ஓய்வுபெற்ற வீரர் ஒருவரும் போதும். வேலை வாங்கித் தருகிறேன் என்று வரும் தரகரிடம் ஒரு காசும் கொடுக்க வேண்டா. தாயின் தாலியை அடகு வைத்துத் தரகரைக் கொழுக்க வைத்த கதைகள் நம் ஊர்களில் போதும் போதும் என்னும் அளவிற்கு உண்டு.

இறுதியாக, ருஸ்தம்ஜியை நோக்கி மீள்வோம். ஓய்விற்குப் பின் அவர் தேசியக் காவல் ஆணையத்தின் உறுப்பினரானார். பீகார்ச் சிறைகளைப் பார்வையிட்டார். விசாரணையே இல்லாமல் ஆண்டுக்கணக்கில் ஏழை மக்கள் அங்கே அடைபட்டிருந்தனர். குற்றம் மெய்ப்பிக்கப்பட்டிருந்தால் அனுபவித்திருக்க வேண்டிய தண்டனையைக் காட்டிலும் நீண்ட காலம் சிறையில் கழித்தவர்களும் அவர்களில் இருந்தனர். ஜாமீன் கட்டப் பணமில்லை, வழக்காட ஆளில்லை. 1979 இல் இதனை அவர் செய்தித்தாளில் எழுதினார். அக்கட்டுரைகளின் அடிப்படையில் உச்ச நீதிமன்றத்தில் உசைனாரா காத்தூன் வழக்கு எழுந்தது. விரைவான விசாரணை அடிப்படை உரிமை என நீதிமன்றம் உரைத்தது. விசாரணைக் கைதிகள் பல்லாயிரவர் விடுதலை பெற்றனர். நாட்டில் பொதுநல வழக்குகளுக்கு வித்திட்டவற்றுள் அது முதன்மையானது.

எண்ணிப் பாருங்கள். எல்லைக்கு வேலியாகப் படையைக் கட்டியவரே சிறைக்கூடத்தின் கதவையும் தட்டினார். காவல் என்னும் சொல்லுக்கு அடைத்து வைத்தல் என்று மட்டும் பொருள் கொள்ளாமல், காத்தல் என்றும் அவர் பொருள் கொண்டார். ஊருக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்களின் வழிவந்த நமக்கு வாயிலில் காத்து நிற்பதன் வலி தெரியும். நாளை நம் பிள்ளையின் கையில் அவ்வேலியின் சாவி வருமானால், எதிரே மண்வெட்டியுடன் நிற்கும் கூலியாளைப் பெயர் சொல்லி மதிப்புடன் அழைத்து உள்ளே விடட்டும். கடத்தற்காரனிடம் கண்டிப்பும் பசித்தவனிடம் கனிவும் காட்டட்டும். சட்டத்தை நெஞ்சிலும் துப்பாக்கியைத் தோளிலும் தாங்கும் அத்தகைய காவலர்களை இச்சங்கம் அடுத்த இருபத்தைந்து ஆண்டுகளில் உருவாக்க வேண்டும் என்று விழைகின்றோம்.