கணினியின் இரைச்சலை நீக்கும் வழி
(பஞ்சாயத்து அங்கத்தினர்களிடையே நிகழ்த்திய உரை)



கிராம சபையில் பேசப்படும் ஒவ்வொரு சொல்லும் மதிப்புடையது. கூலி வரவில்லையென முறையிடுபவரும், குடிநீர் வேண்டுமெனக் கேட்பவரும் பெரும்பாலும் கடைசி வரிசையில் அமர்ந்து தாழ்ந்த குரலிலேயே பேசுவர். இன்று அக்குரலைக் கணினியில் பதிவு செய்ய இயலும். தொலைவிலுள்ள அதிகாரிகளுக்கு நேரே கேட்கச் செய்யவும் இயலும். ஆனால் ரீங்காரமும் இரைச்சலும் அக்குரலை விழுங்கிவிடுமாயின் பயன் என்ன? உடனே புதுக்கருவி வாங்கத் தீர்மானம் போடுவது எளிது. பொதுப்பணத்தைச் செலவிடுமுன் குறை எங்குள்ளதென ஆராய்வதே நமது கடமையாகும்.

லினக்ஸ் என்னும் இயக்க முறைமையை 1991-ஆம் ஆண்டில் பின்லாந்து நாட்டினரான லைனஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கினார். அது விலையின்றிக் கிடைப்பது. நம் நாட்டில் சி-டாக் நிறுவனம் 2007-இல் வெளியிட்ட ‘பாஸ்’ முறைமையும் அதன் அடிப்படையில் அமைந்ததே. இவ்வகைக் கணினியையே இங்கு எடுத்துக்கொள்வோம்.

கடைமடைக்கு நீர் வராவிடில், தலைமடையிலிருந்து வாய்க்கால் வழியே நடந்து உடைப்பைக் காண்கிறோம். இங்கும் அதுவே முறை. முதலில் ஒலிபெருக்கியின் சத்தத்தைக் குறைத்து, கணினியிலிருந்து வரும் கம்பியை ஒலிபெருக்கியின் பக்கத்தில் கழற்றுக. பின்னர் சத்தத்தைக் கூட்டிப் பார்க்குங்கால் இரைச்சல் நீடிப்பின், குற்றம் கணினியுடையதன்று.

‘ம்ம்’ என்ற ரீங்காரம் மின்சாரத்தால் நேர்வது. நமது மின்னோட்டம் விநாடிக்கு 50 முறை அலைவதால், அவ்வலைவே காதில் விழுகிறது. மடிக்கணினியின் சார்ஜரைக் கழற்றியதும் ரீங்காரம் நின்றால் காரணம் தெளிவாகிவிடும். கணினியையும் ஒலிபெருக்கியையும் ஒரே மின்பலகையில் இணைப்பின் பெரும்பாலும் இது குறையும். இரைச்சலை நிறுத்தவென்று மூன்று முனைச் செருகியின் எர்த் முனையை ஒருபோதும் நீக்கலாகாது. அது உயிருக்கு ஆபத்தாகும்.

‘உஸ்’ என்ற இரைச்சல், ஒலிவாங்கியின் பெருக்கத்தை அளவுக்கு மீறிக் கூட்டுவதால் எழுவது. டெர்மினல் திரையில் ‘ஆல்சாமிக்சர்’ என்ற கட்டளையை ஆங்கில எழுத்துகளில் கொடுத்தால் அளவுக் கம்பங்கள் தோன்றும். எஃப்-6 விசையால் உரிய ஒலி அட்டையையும், எஃப்-5 விசையால் எல்லா அளவுகளையும் காணலாம். அதில் ‘மைக் பூஸ்ட்’ என்பதைக் குறைத்து, ‘கேப்சர்’ என்பதைச் சிறிது சிறிதாக உயர்த்துக. பூஸ்ட் 20 டெசிபல் கூடினால் ஒலியின் ஆற்றல் நூறு மடங்காகிறது. குரலுடன் இரைச்சலும் அவ்வாறே பெருகும். நெல்லுக்குப் பாயும் நீர் களைக்கும் பாய்வது போன்றதே இது. பயன்படாத வாயில்களை எம் விசையால் அடைத்துவிடுக.

ஒலி தொடங்கும்போதும் நிற்கும்போதும் மட்டும் ‘டப்’ எனக் கேட்பின், ஒலி அட்டை மின்சாரத்தைச் சேமிக்க உறங்கி விழிக்கிறதென ஐயுறலாம். அட்டையின் மின்சேமிப்பு அமைப்பை நிறுத்தினால் அது தீரும். கணினியறிந்த இளைஞர் ஒருவர் இதனைச் செய்துகொடுப்பார்.

மின்விசிறி, கூட்டத்தின் சலசலப்பு ஆகியவற்றை வடிகட்ட ‘ஈஸி எஃபெக்ட்ஸ்’ போன்ற விலையில்லா மென்பொருள்களும் உண்டு. எனினும் வடிகட்டி மிகுந்தால் மெல்லிய குரலும் இரைச்சலென்று நீக்கப்படக்கூடும். ஆகையால் அதனைக் கடைசியிலேயே நாடுக. பேசுபவரின் வாயருகே ஒலிவாங்கியைக் கொண்டுசெல்வதே தலைசிறந்த முறை. திறந்தவெளியில் தூரம் பாதியானால், குரலின் ஆற்றல் நான்கு மடங்காகிறது.

அடுத்த கிராம சபைக்கு முதல்நாளே ஒருவரைக் கடைசி வரிசையில் அமர்த்திப் பேசச் செய்து, பதிவைக் கேட்டுப் பார்ப்போம். அவர் சொல் தெளிவாகக் கேட்குமாயின் நமது ஏற்பாடு நிறைவுற்றது. கேளாவிடில், வாய்க்கால் வழியே மீண்டும் நடப்போம்.