தராசைப் பார்க்கும் உரிமை

(பதுளையில் ஆசிரியர்களும் கமக்காரர்களும் தோட்டத் தொழிலாளரும் கூடிய கூட்டமொன்றில் ஆற்றப்பட்ட சொற்பொழிவு)



உணவுச்சாலைகளில் தொங்கும் விலைப் பலகையைப் பற்றிப் பேசப் போகின்றேன் என்று நான் கூறியபோது, நண்பர் ஒருவர் நகைத்தார். "சம்பளமும் வீடும் காணியும் தீராத பிரச்சினைகளாக நிற்கும் நாட்டில், பலகையைப் பற்றிப் பேச ஒரு கூட்டமா?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். அதற்கு விடை கூற நான் கொழும்புக்குப் போகவேண்டியதில்லை. நம் தோட்டத்துக் கொழுந்து மடுவத்துக்குப் போனாலே போதும்.

பசறையிலும் மடுல்சீமையிலும் நமுனுகுலையிலும் காலை முதல் மாலை வரை மலையேறிக் கொழுந்து பறித்த தாய், கூடையை இறக்கி வைத்துவிட்டு எதைப் பார்க்கின்றாள்? தராசின் முள்ளைப் பார்க்கின்றாள். ஈரத்துக்கு இவ்வளவு, சாக்குக்கு இவ்வளவு என்று கழிக்கும்போது, "கணக்கைக் காட்டுங்கள் ஐயா" என்று கேட்கின்றாள். நமது தொழிற்சங்கப் போராட்டங்களின் அடிமூச்சே அந்தக் கேள்விதான்.

அதற்கும் முன்னே, துண்டு முறை என்றொரு கொடுமை இருந்ததை நீங்கள் அறிவீர்கள். இவ்வளவு கடனைக் கட்டினால் இந்தத் தொழிலாளரை விடுவிப்போம் என்று தோட்டத்துரை எழுதிக் கொடுத்த சீட்டே துண்டு. கணக்கை எழுதியவன் ஒருவன். அதன் சுமையைத் தாங்கியவன் மற்றொருவன். தாங்கியவனுக்கோ அதில் எழுதியிருந்ததைப் படிக்கத் தெரியாது. 1921ஆம் ஆண்டில் சட்டம் அந்தத் துண்டை ஒழித்தது. ஆனால், எழுதியவனுக்கு மட்டும் தெரிந்த கணக்கை, எழுதப்படாத கணக்கை, இன்றும் நாம் சுமந்துகொண்டுதான் இருக்கின்றோம். இன்று அது நமது தட்டிலே இருக்கின்றது.

சென்ற மாதம் என் உறவினரான பெரியவர் ஒருவரைக் கிளினிக்குக்கு அழைத்துச் சென்றேன். நாற்பது ஆண்டுகள் கவ்வாத்து வெட்டிய கை. இப்போது அவருக்குச் சீனி வருத்தமும் இருக்கின்றது. இரத்த அழுத்தமும் இருக்கின்றது. "உப்பைக் குறையுங்கள், சீனியைக் குறையுங்கள், எண்ணெயைக் குறையுங்கள்" என்றார் டாக்டர். வெளியே வந்தோம், பசி. ஊருக்கு ஊர் கிளை விட்டிருக்கும் உணவுச்சாலை ஒன்றில் நுழைந்தோம். "தம்பி, இதில் உப்பு எவ்வளவு இருக்கும்?" என்று பெரியவர் கேட்டார். அந்தப் பிள்ளை திகைத்துப்போய் விலைப் பலகையைச் சுட்டிக்காட்டினான். அவன்மேல் குற்றமில்லை; அவனுக்கும் எவரும் சொல்லிக்கொடுக்கவில்லை. விலை மட்டும் எட்ட நின்றாலும் தெரியும் எழுத்தில் இருந்தது. குறைக்கச் சொன்னார் டாக்டர். எதைக் குறைப்பது, எவ்வளவு குறைப்பது என்பதை அறிய வழியில்லை. அளவு தெரியாதவனுக்கு அளவோடு உண் என்று சொல்லும் புத்திமதியால் என்ன பயன்?

விலை ஏன் எழுதப்பட்டிருக்கின்றது? கடைக்காரரின் கருணையால் அன்று. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அதிகாரசபைச் சட்டம் விலைப்பட்டியலைக் காட்சிக்கு வைக்கச் சொல்கின்றது, ஆதலால் எழுதுகின்றார்கள். பணப்பைக்கு எவ்வளவு நட்டம் என்பதைச் சொல்லச் சட்டம் உண்டு. உடம்புக்கு எவ்வளவு நட்டம் என்பதைச் சொல்லச் சட்டம் வேண்டாமா?

இலங்கை இத்துறையில் உறங்கிக் கிடக்கின்றது என்று நான் கூறமாட்டேன். 1980ஆம் ஆண்டின் உணவுச் சட்டத்தின் கீழ், 2016 முதல் இனிப்புப் பானப் போத்தல்களில் நிறக் குறியீடு கட்டாயமாயிற்று. 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் சிவப்பு. 2 முதல் 11 கிராம் வரை மஞ்சள். 2 கிராமுக்குக் குறைந்தால் பச்சை. 2019இல் சீனி, உப்பு, கொழுப்பு மூன்றுக்குமாக இம்முறை பொதியிட்ட திண்மையுணவுகளுக்கும் விரிந்தது. சிவப்புக் குறியின் பொருளைச் சற்றே கணக்கிட்டுப் பாருங்கள். 11 கிராம் என்ற எல்லையிலேயே 250 மில்லிலீற்றர் போத்தலில் 27 கிராமுக்கு மேல் சீனி இருக்கின்றது. ஏறக்குறைய ஏழு தேக்கரண்டி. நாளொன்றுக்கு 25 கிராமுக்குள் நிறுத்துவதே மேல் என்கின்றது உலக சுகாதார நிறுவனம். ஒரே போத்தலில் ஒரு நாளின் கணக்கு முடிந்துவிடுகின்றது! எழுத்தறியாத பாட்டியும் சிவப்பைக் கண்டால் அறிவாள். அதுவே அந்தச் சட்டத்தின் சிறப்பு. ஆனால் அந்தச் சட்டம் போத்தலோடும் பொதியோடும் நின்றுவிட்டது. தட்டிலே வைத்துத் தரும் பொரித்த கோழிக்கும் கொத்து ரொட்டிக்கும் பீட்சாவுக்கும் அது எட்டவில்லை.

பிற நாடுகளில் எட்டியிருக்கின்றது. நியூயோர்க் மாநகரம் 2006இல் இதற்கென விதி செய்தது. உணவுச்சாலை உரிமையாளர் சங்கம் வழக்குத் தொடுத்தது. 2007இல் நீதிமன்றம் விதியைத் தள்ளியது. நகரம் சோர்ந்துவிடவில்லை. விதியைத் திருத்தி, 15 கிளைகளோ அதற்கு மேலோ உள்ள நிறுவனங்கள் கலோரி அளவைப் பலகையில் எழுதவேண்டும் என்று 2008இல் நடைமுறைப்படுத்தியது. ஐக்கிய அமெரிக்கா முழுவதற்கும் 2010இல் சட்டம் வந்தது. 20 கிளைகள் என்பது எல்லை. அது நடைமுறைக்கு வர 2018 ஆயிற்று. எட்டு ஆண்டு இழுபறி! இங்கிலாந்தில் 2022 ஏப்ரல் முதல், 250 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் நிறுவனங்களுக்கு இக்கடமை உண்டு. அண்டை நாடான இந்தியாவிலே, 10 கிளைகளோ அதற்கு மேலோ உள்ள உணவுச்சாலைகள் 2022 ஜூலை முதல் கலோரி அளவைக் காட்டவேண்டும். சென்னைக்காரனுக்குச் சொல்லக்கூடியதைப் பதுளைக்காரனுக்குச் சொல்லக்கூடாதா?

இதை எதிர்ப்போர் இரண்டு வாதங்களைக் கூறுகின்றனர். சிறிய கடைகள் நசிந்துபோகும் என்பது முதல் வாதம். நான் எடுத்துக்காட்டிய சட்டங்கள் அனைத்தும் பெரிய நிறுவனங்களையே கட்டுப்படுத்துகின்றன. பஸ் நிலையத்தருகே ரொட்டி சுடும் அக்காவை எந்தச் சட்டமும் ஆய்வுகூடத்துக்கு அனுப்பச் சொல்லவில்லை. அப்படிச் சொன்னால் நாமே எதிர்ப்போம். எல்லாக் கிளைகளிலும் ஒரே நிறை, ஒரே அளவு, ஒரே சுவை என்று பெருமை பேசும் நிறுவனத்துக்கு, அந்த அளவை எழுதுவது பாரமாகுமா?

இரண்டாவது வாதம், எழுதி வைத்தாலும் மக்கள் பார்ப்பதில்லை என்பது. இதில் ஓரளவு உண்மை உண்டு, மறைக்கமாட்டேன். இத்தகைய 25 ஆய்வுகளைத் தொகுத்து 2025இல் வெளிவந்த கொக்ரேன் மதிப்பாய்வு, உண்போர் தெரிவு செய்யும் கலோரி சராசரியாக 1.8 சதவீதமே குறைகின்றது என்று கண்டது. சிறிய அளவுதான். ஆனால் தராசின் முள்ளைப் பார்க்கும் உரிமை கிடைத்த அன்றே கொழுந்துக்காரியின் வறுமை தீர்ந்துவிட்டதா? தீரவில்லை. அதனால் முள்ளை மூடி வைக்கச் சம்மதித்தோமா? கணக்கு வெளிப்பட்டால்தான் கேள்வி பிறக்கும். கேள்வி பிறந்தால்தான் சமைப்பவன் கை உப்பை அள்ளும்போது சற்றே தயங்கும்.

கமக்காரத் தோழர்களே, இது உங்கள் விஷயமும் ஆகும். வெலிமடையிலிருந்து உருளைக்கிழங்கு மூடை சந்தைக்கு வரும்போது என்ன நடக்கின்றது? தரம் பிரிக்கின்றார்கள், அழுகல் பார்க்கின்றார்கள், மண்ணுக்கென்று கழிக்கின்றார்கள். உங்கள் கிழங்கை ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்க்க வாங்குபவனுக்கு உரிமை உண்டு. அதே கிழங்கு எண்ணெயில் பொரிந்து, உப்பில் புரண்டு, பல மடங்கு விலையில் உங்கள் பிள்ளையின் கைக்குத் திரும்பி வரும்போது, அதில் என்ன சேர்ந்தது என்று கேட்க உங்களுக்கு உரிமை இல்லை. விற்கும்போதும் நீங்களே சோதனைக்கு உள்ளாவது, வாங்கும்போதும் நீங்களே வாய்மூடி நிற்பது. இது எந்த ஊர் நியாயம்?

தோட்டப்புறத்தில் பசியைப் பற்றிப் பேசாமல் மிகையுண்டியைப் பற்றிப் பேசுகின்றேனே என்று எண்ணவேண்டாம். 2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார ஆய்வின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட தோட்டப்புறக் குழந்தைகளில் 31.7 சதவீதத்தினர் வயதுக்கேற்ற உயரமின்றி வளர்ச்சி குன்றியிருந்தனர். நாடு முழுவதற்குமான சராசரி 17.3 சதவீதம். ஒரே லயத்துக் காம்பராவில் போதிய உணவின்றிக் குன்றிய பேரனும், சீனி வருத்தத்தால் கால் புண்பட்ட பாட்டனும் படுத்திருக்கின்றனர். இவை இரண்டு நோய்கள் அல்ல. மலிவான மாவும் சீனியும் எண்ணெயும் வயிற்றை நிரப்பி, உடம்பைப் பட்டினி போடும் ஒரே வறுமையின் இரு முகங்கள். நல்ல கூலியும் பருப்பும் பாலும் கீரையும் இதற்கு முதல் மருந்து. பலகை அந்த மருந்துக்கு மாற்று அன்று. ஆனால் அரிதாகச் சேர்த்த காசோடு நகரத்துக்கு வந்து பிள்ளைக்கு ஒன்று வாங்கிக் கொடுக்கும் தாயாவது ஏமாறாமல் இருக்கட்டும்.

ஆகவே நாம் கேட்கவேண்டியவை மூன்று. முதலாவது, பத்துக் கிளைகளோ அதற்கு மேலோ கொண்ட உணவுச்சாலைகள், ஒவ்வொரு பண்டத்துக்கும் கலோரி, சீனி, உப்பு, கொழுப்பு அளவை விலைக்குப் பக்கத்திலேயே, விலையின் அளவு எழுத்திலேயே எழுதவேண்டும். இரண்டாவது, போத்தலில் உள்ள அதே சிவப்பு, மஞ்சள், பச்சை பலகையிலும் வரவேண்டும். நியூயோர்க் நகரம் 2015இல் மிகையுப்புப் பண்டத்துக்கு உப்புக் குப்பியின் படத்தையே குறியாக வைத்தது; படிக்கத் தெரியாதவருக்கும் அது புரியும். மூன்றாவது, அந்தப் பலகையில் தமிழ் இருக்கவேண்டும். தமிழும் அரச கரும மொழி என்று 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தம் கூறுகின்றது. பதுளை மாவட்டத்தில் பண்டாரவளை, அப்புத்தளை முதலிய பிரிவுகள் 1999இல் இருமொழி நிருவாகப் பிரிவுகளாகப் பிரகடனம் செய்யப்பட்டன. உயிரைக் காக்கும் எச்சரிக்கையை விளங்காத மொழியில் எழுதுவது, எழுதாமல் விடுவதற்கு ஒப்பாகும்.

தோழர்களே! நாம் எவருடைய வியாபாரத்தையும் மூடச் சொல்லவில்லை; எவருடைய வாயையும் கட்டச் சொல்லவில்லை. உண்பவன் உண்ணட்டும், அறிந்து உண்ணட்டும். மடுவத்திலே தராசின் முள்ளைக் காட்டு என்று கேட்ட தாயின் மக்கள் நாம். கடையிலும் அதையே கேட்போம். எங்கள் உடம்பின் கணக்கை எங்களுக்குக் காட்டுங்கள்!